அநாமதேயம்

‘நாமதேயம்’ என்றால் பெயர். அஃது இல்லாதது ‘அநாமதேயம்’. அடியேன் வங்கிப் பணியில் இருந்தபோது அநாமதேயப் புகார்க் கடிதங்கள் வருவதுண்டு. எழுதியவர்கள் அஞ்சிப் பெயரை மறைத்தனர்.

கைங்கர்யத்தில் இச்சொல்லின் பொருள் வேறு. நம்மாழ்வாரும் ஆண்டாளும் பதிகங்களின் நிறைவில் தம் திருநாமத்தை அமைத்தருளினர். திருப்பாணாழ்வாரோ அமலனாதிபிரானின் 10 பாசுரங்களிலும் தம் பெயரைச் சொல்லவில்லை. ‘அடியேன்’ என்றதோடு அமைந்தார். பெரியபெருமாளின் திருமேனியழகில் ஆழ்ந்தவர்க்குத் தம் பெயர் நினைவில் எழவில்லை என்று அநுபவிக்கலாம். அது மறைப்பு அன்று, மறதி.

சந்நிதிக்கு விளக்கொன்று ஸமர்ப்பித்த அடியேன், உபயதாரர் பலகையில் என் பெயரில் ஓரெழுத்துப் பிழை கண்டு வருந்தினேன். அன்று விளக்கொளியில் எம்பெருமானைச் சேவிக்க மறந்தேன். மறக்க வேண்டியது எது என்பதை ஆழ்வார் உணர்த்துகிறார்.

திருப்பாணாழ்வார் திருவடிகளே சரணம்.