தண்ணீரில் உள்ள தண்மை

தியானப் பகுதி: மத்தேயு 10:40-42



தண்மை என்றால் குளிர்ச்சி. குளிர்ந்த நீரே தண்ணீர், சூடானது வெந்நீர். தினமும் சொல்லிச் சொல்லி இந்தப் பொருளை நாம் மறந்துவிட்டோம்.

மத்தேயு 10:42-ன் கிரேக்க மூலத்தில் "நீர்" என்ற சொல்லே இல்லை. "குளிர்ந்தது" என்ற சொல் மாத்திரமே உண்டு. மாற்கு 9:41-லோ "நீர்" உண்டு, "குளிர்ந்தது" இல்லை. நமது வேதாகமத்தின் "தண்ணீர்" என்ற ஒரே சொல் இரண்டையும் தாங்கி நிற்கிறது.

ஆண்டவர் ஏன் குளிர்ச்சியைக் குறிப்பிட்டார்? வெயில் நாட்டில் காலையில் எடுத்த நீர் மதியத்துக்குள் வெதுவெதுப்பாகிவிடும். குளிர்ந்த நீர் வேண்டுமானால் ஒருவர் அப்போதே கிணற்றில் இறைத்துவர வேண்டும். அல்லது முன்னதாகவே மண்பானையில் ஊற்றி வைத்திருக்க வேண்டும். பானையின் நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளே உள்ள நீரின் சூட்டை எடுத்துச் செல்கிறது. ஆகவே, குளிர்ந்த நீருக்குப் பின்னால் யாரோ ஒருவருடைய பிரயாசமும் கரிசனையும் இருக்கிறது.

இந்தப் பாடத்தை ஒரு மே மாத நண்பகலில், மருத்துவமனை வராந்தாவில் கற்றுக்கொண்டோம். அறுவை சிகிச்சை அறைக்கு வெளியே ஒரு பெரியவர் நின்றிருந்தார்; உள்ளே அவருடைய மனைவி. அவருக்காக நீண்ட ஜெபம் செய்தோம். ஆமென் சொன்னதும் அவர், "ஐயா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்றார். உள்ளேயிருந்து எப்போது கூப்பிடுவார்களோ என்று காலையிலிருந்து அவர் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. வெட்கத்தோடு ஓடிப்போய்ப் பானையிலிருந்து மொண்டுவந்து கொடுத்தோம். குடித்து முடித்தவர், "இப்போ ஜெபம் பண்ணுங்கய்யா" என்றார்.

அன்றுமுதல் முதலில் தம்ளர், பிறகு ஜெபம்.

இதிலும் ஞானம் வேண்டும். குளிர்ச்சி கிருமிகளைக் கொல்லாது. கொதிக்கவைத்து ஆறவைத்த நீரையே பானையில் ஊற்றி மூடிவைக்கிறோம். கையை உள்ளே விடாமல் நீண்ட கைப்பிடியுள்ள அகப்பையால் மொள்ளுகிறோம். அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்போருக்கும், இருதய, சிறுநீரக நோயாளிகள் சிலருக்கும் நீரில் கட்டுப்பாடு உண்டு. ஆகையால் செவிலியரைக் கேட்டே கொடுக்கிறோம்.

அன்பானவர்களே, "என் காணிக்கை சிறியதுதானே" என்று உங்களில் சிலர் எழுதுகிறீர்கள். ஆண்டவர் எண்ணிப் பார்த்த அளவு ஒரு கலசம்தான். உங்கள் வீட்டு வாசலுக்கு வெயிலில் வருகிறவருக்கும், அவர் கேட்குமுன்னே ஒரு தம்ளர் கொடுங்கள்.

கர்த்தர்தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக.