வராதவர்களையும் கணக்கில் எழுது

பாளையங்கோட்டை

அன்புள்ள கயல்விழிக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். உன் கடிதம் கிடைத்தது. பெர்ஃபரேஷனுக்கு (இரைப்பை அல்லது குடலில் விழும் ஓட்டைக்கு) ஆபரேஷன் செய்துகொண்ட 60 பேரை வைத்துத் தீசிஸ் எழுதுகிறாய். அதில் 9 பேர் டிஸ்சார்ஜ் ஆன பிறகு ரிவ்யூவுக்கு வரவே இல்லை. அவர்களை விட்டுவிட்டு மற்றவர்களை மட்டும் எழுது, கணக்கு சுத்தமாக இருக்கும் என்று சீனியர்கள் சொல்கிறார்கள், என்ன செய்யட்டும் என்று கேட்டிருக்கிறாய். போனிலேயே "விடாதே" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த ஒரு கேள்வியை எப்படித் தீர்த்துக்கொள்கிறாயோ, அப்படித்தான் உன் முப்பது வருட வேலையும் இருக்கும். அதனால் உட்கார்ந்து விரிவாக எழுதுகிறேன்.

பதிலுக்கு ஒரு சர்ஜனின் கதையைச் சொல்கிறேன். பில்ரோத் என்ற பெயர் உனக்குப் புதிதல்ல. பில்ரோத் ஒன்று, பில்ரோத் இரண்டு என்று இரைப்பை ஆபரேஷன்களை வைவாவில் படம் வரைந்து காட்டியிருப்பாய். சென்னையில் ஒரு மருத்துவமனைக்கே அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். அந்த மனிதர் எப்படிப் பெரிய சர்ஜன் ஆனார் என்பது மட்டும் நம் பாடப்புத்தகங்களில் இல்லை.

தியோடர் பில்ரோத் 1829-இல் பால்டிக் கடலிலுள்ள ரூகன் தீவில், பெர்கன் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா தேவாலயப் போதகர். பையனுக்கு ஐந்து வயதாகும்போதே அவர் போய்விட்டார். பில்ரோத்துக்கு மனசெல்லாம் சங்கீதத்தில். வீட்டார் சொல்லித்தான் மருத்துவம் படித்தார். கிரைஃப்ஸ்வால்ட், கோட்டிங்கன், பெர்லின் என்று மூன்று பல்கலைக்கழகங்களில் படித்து 1852-இல் டாக்டர் பட்டம் வாங்கினார். பெர்லினில் கிளினிக் போட்டு இரண்டு மாதம் உட்கார்ந்திருந்தும் ஒரு நோயாளிகூடப் படியேறவில்லை. அப்போதுதான் பெர்லின் பல்கலைக்கழக அறுவை சிகிச்சைப் பேராசிரியர் லாங்கன்பெக் அவரை உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார்.

லாங்கன்பெக் தன் உதவியாளர்களை வருடக்கணக்கில் கூடவே வைத்திருந்து, படிப்படியாகப் பொறுப்பைக் கொடுத்து வளர்த்தவர். ஜெர்மன் கிளினிக்குகளின் இந்த வழக்கத்தைப் பார்த்துவிட்டுப் போய்த்தான் சர்ஜன் ஹால்ஸ்டெட் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ரெசிடென்சி முறையை அமைத்தார். நீ இப்போது ராத்திரி பகலாகப் பார்க்கும் டியூட்டிக்கு வேர் அங்கே இருக்கிறது.

1860-இல் சூரிக் பல்கலைக்கழகம் பில்ரோத்தைப் பேராசிரியராக அழைத்தது. அப்போது அவருக்கு முப்பதை ஒட்டிய வயது. மூன்றே வருடத்தில் அறுவை சிகிச்சை நோயியலைப் பற்றி 50 சொற்பொழிவுகள் கொண்ட ஒரு பாடநூலை எழுதினார். பல மொழிகளில் பெயர்த்துப் படித்தார்கள். ஆனால் சூரிக்கில் அவர் செய்த பெரிய காரியம் என்று நான் நினைப்பது வேறு. 1860 முதல் 1867 வரை தன் கிளினிக்கில் சிகிச்சை பெற்றவர்களின் கதியைத் தொகுத்து அச்சிட்டார். பிழைத்தவர், இறந்தவர், சீழ் பிடித்தவர் எல்லாரும் அதில் உண்டு. அந்தக் காலத்து சர்ஜன்கள் கைகூடி வந்த கேஸ்களை மட்டும் பத்திரிகைக்கு அனுப்புவார்கள். தன் தோல்விகளைத் தானே எண்ணி ஊரறியச் சொன்னவர்கள் அபூர்வம்.

எண்ணியதால் என்ன ஆயிற்று என்று பார். சூரிக் கழலைநோய் (தைராய்டு வீக்கம்) மலிந்த ஊர். பில்ரோத் அங்கே தைராய்டு ஆபரேஷன் செய்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இறந்தார்கள். கணக்கு அப்படிச் சொன்னதும் அவர் அந்த ஆபரேஷனையே பல வருடங்கள் நிறுத்திவைத்தார். கிருமிநாசினி முறை வந்து, ரத்தக்கசிவைக் கட்டுப்படுத்தும் வழிகளும் தேறிய பிறகுதான் வியன்னாவில் மறுபடி தொட்டார். அப்போது மரணங்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. நிறுத்தவும் திரும்பத் தொடங்கவும் அவருக்குத் துணிவு தந்தது அந்தக் கணக்குதான்.

1867-இல் வியன்னாவுக்குப் போனார். கடைசிவரை அங்கேதான். 1882-இல் லாங்கன்பெக் ஓய்வு பெற்றபோது, பெர்லினில் அந்த நாற்காலி இவரைத் தேடி வந்தது. வேண்டாம் என்றுவிட்டார்.

இனி இரைப்பைப் புற்றுநோய்க்கு வருகிறேன். கட்டியை வெட்டியெடுக்கப் பாரிஸில் சர்ஜன் பெயான் 1879-இல் முயன்றார், நோயாளி இறந்தார். அடுத்த வருடம் போலந்து சர்ஜன் ரிடிகியர் முயன்றார், அந்த நோயாளியும் இறந்தார். பில்ரோத் அவசரப்படவில்லை. அவருடைய உதவியாளர்கள் குசன்பவரும் வினிவார்ட்டரும் அதற்கு வெகு முன்பே நாய்களின் இரைப்பையை வெட்டித் தைத்துப் பார்த்திருந்தார்கள். வியன்னாவின் பிரேதப் பரிசோதனைப் பதிவேடுகளைப் புரட்டி, இரைப்பையின் கீழ்வாயான பைலோரஸில் வந்த புற்றுநோயில் எத்தனை பேருக்கு நோய் வேறெங்கும் பரவாமல் இருந்தது என்றும் எண்ணினார்கள். 1877-இல் பில்ரோத் ஒரு நோயாளியின் இரைப்பையில் இருந்த ஓட்டையைத் தைத்து மூடி, மனித இரைப்பைத் தையல் ஆறும் என்று கண்டுகொண்டார். இத்தனைக்கும் பிறகுதான் கத்தியை எடுத்தார்.

1881 ஜனவரி 29. நோயாளி தெரசா ஹெல்லர், 43 வயது, பல பிள்ளைகளின் தாய். பைலோரஸில் புற்றுநோய், எதைச் சாப்பிட்டாலும் வாந்தி. உடம்பு எலும்பும் தோலுமாக இருந்தது. முதலில் இரைப்பையைக் கழுவிச் சுத்தம் செய்தார்கள். குளோரோஃபார்ம் மயக்கம். வயிற்றைத் திறந்து, கட்டியோடு 14 சென்டிமீட்டர் நீளத்துக்கு இரைப்பையை வெட்டியெடுத்து, மிஞ்சியதைச் சிறுகுடலின் முதல் பகுதியான டியோடினத்தோடு சேர்த்தார் பில்ரோத். கார்பாலிக் அமிலத்தில் ஊறிய பட்டுநூலில் ஏறத்தாழ ஐம்பது தையல்கள். மொத்தம் ஒன்றரை மணி நேரம். ரத்தம் ஏற்றுவதும் சலைனும் வழக்கத்தில் இல்லாத, ஆன்டிபயாடிக்கே இல்லாத காலம், கயல். அந்த அம்மாள் பிழைத்து, சாப்பிட்டு, வீட்டுக்குப் போனார்.

நம் பாடப்புத்தகம் இங்கே முடிந்துவிடும். பில்ரோத்தின் கணக்கு முடியவில்லை. நான்கு மாதம்கூட ஆகாமல் மே மாதத்தில் அந்த அம்மாள் இறந்துபோனார். பிரேதப் பரிசோதனை செய்தார்கள். தைத்த இடம் நன்றாக ஆறியிருந்தது, புற்றுநோய்தான் பரவிவிட்டது. இரண்டு விஷயங்கள் தெரிந்தன. தையல் தாங்கும். நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதே இனி விடை காண வேண்டிய கேள்வி. டிஸ்சார்ஜோடு கேஸ் ஷீட்டை மூடியிருந்தால் அந்த அம்மாள் 'குணமானவர்' பட்டியலில் இருந்திருப்பார், இந்தப் பாடம் யாருக்கும் கிடைத்திருக்காது.

அந்த வருடமே பில்ரோத்தின் மாணவர் வோல்ஃப்ளர், வெட்டியெடுக்க முடியாத கட்டியை அப்படியே விட்டுவிட்டு, இரைப்பையைச் சிறுகுடலோடு இணைத்து வழி உண்டாக்கினார். 1885-இல் அந்த இணைப்பையே அடிப்படையாகக் கொண்டு ஆசிரியர் செய்ததுதான் பில்ரோத் இரண்டு. செர்னி, குசன்பவர், மிகூலிச் என்று அவரிடம் பயின்றவர்கள் ஐரோப்பாவின் பல பல்கலைக்கழகங்களில் துறைத்தலைவர் ஆனார்கள். ஆசிரியர் தோல்வியை மறைக்காததால் மாணவர்கள் அந்த இடத்திலிருந்தே மேலே கட்ட முடிந்தது. உன் ஜூனியர்கள் உன்னைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டியதும் இதுதான்.

பில்ரோத்தைக் குறையில்லாத மனிதர் என்று உனக்குச் சொல்லமாட்டேன். 1876-இல் மருத்துவக் கல்வியைப் பற்றி எழுதிய புத்தகத்தில், ஹங்கேரியிலிருந்தும் கலீசியாவிலிருந்தும் வந்த ஏழை யூத மாணவர்களை இழிவாக எழுதினார். அது வியன்னாவில் யூத வெறுப்புக்கு எண்ணெய் ஊற்றியது. கடைசிக் காலத்தில் யூத வெறுப்பை எதிர்க்கும் சங்கத்தோடு நின்றார் என்றாலும், எழுதியது எழுதியதுதான். நமக்குப் பிடித்தவர் என்பதற்காக இதை விட்டுவிட்டால், 9 பேரை விட்டுவிடச் சொல்கிறவர்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

இனி உன் கணக்கு. 60 பேரில் 3 பேர் இறந்தது உனக்குத் தெரியும். வராத 9 பேரை நீக்கினால் 51-க்கு 3, சுமார் 6 சதவீதம். அந்த 9 பேரும் உயிரோடு இருந்தால் 60-க்கு 3, அதாவது 5 சதவீதம். 9 பேருமே இறந்திருந்தால் 60-க்கு 12, அதாவது 20 சதவீதம். உண்மை இந்த 5-க்கும் 20-க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. 6 என்று மட்டும் எழுதினால் படிக்கிற டாக்டர் அதை நம்பி அடுத்த நோயாளியின் வீட்டாரிடம் தைரியம் சொல்வார். அந்தத் தைரியத்துக்கு நீதான் பொறுப்பு.

ஆகவே இப்படிச் செய். முதலில் ரெக்கார்ட் செக்ஷனில் கேஸ் ஷீட்டை எடுத்து முகவரியையும் போன் நம்பரையும் குறித்துக்கொள். நம்பர் வேலை செய்யாவிட்டால், அந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பேசு. கிராம சுகாதாரச் செவிலியருக்கு வீடு வீடாகத் தெரியும். யாராவது இறந்திருந்தால், முதலில் துக்கம் விசாரி, பிறகு கேள்வி கேள். எவ்வளவு தேடியும் கிடைக்காதவர்களைத் 'தொடர்பு கிடைக்கவில்லை' என்று தனிப் பத்தியில் எண்ணிக்கையோடு போடு. குறைந்தபட்சம், அதிகபட்சம் இரண்டு சதவீதத்தையும் எழுது. கைடு சாரிடம் மரியாதையாக இந்தக் கணக்கைக் காட்டு. சார், விட்டுவிட்டால் எண் தப்பாக வருகிறது என்று சொல். எதிர்வாதம் வேண்டாம், எண்ணே பேசட்டும்.

அதோடு உனக்கென்று ஒரு நோட்டு வாங்கு. நீ கத்தி பிடித்த ஒவ்வொரு கேஸையும் அதில் எழுது: என்ன செய்தாய், பத்தாம் நாள் எப்படி, ஒரு வருடம் கழித்து எப்படி. லீக் ஆனதையும் காயம் பிரிந்ததையும் மற்றவை எழுதிய அதே மையில் எழுது. வருடத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து கூட்டிப் பார். எதை நிறுத்த வேண்டும், எதை யாரிடம் போய்க் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அந்த நோட்டு சொல்லும்.

வார்டு சிஸ்டர்களை மதி. ஆபரேஷனுக்குப் பிறகான ராத்திரி அவர்கள் கையில்தான் என்று தெரிந்ததால், பில்ரோத் 1882-இல் வியன்னாவில் ருடால்ஃபினர்ஹவுஸ் என்ற செவிலியர் பயிற்சி மருத்துவமனையைத் திறந்தார். பாட்டையும் விட்டுவிடாதே. அவர் கடைசிவரை பியானோ வாசித்தார், இசையமைப்பாளர் பிராம்ஸ் தன் இரண்டு நால்வாத்தியப் படைப்புகளை அவருக்குக் காணிக்கையாக்கினார்.

பெரியம்மா உன்னை நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னாள். 9 பேரில் ஒவ்வொருவராகத் தெரிய வரும்போது எனக்கு எழுது. நல்ல செய்தி என்றாலும் கெட்ட செய்தி என்றாலும் எழுது. தேடிப் போனாய் என்பதே எனக்குப் பெருமை.

அன்புடன்,
பெரியப்பா