தன்னந்தனியாகத் தென் துருவம் போன டீச்சர்



போன வாரம் சமூக அறிவியல் வகுப்பில் அண்டார்டிகா பாடம் நடந்தது. ஒரு பெண் தனியாகவே பனியில் போய்த் தென் துருவத்தை அடைந்திருக்கிறார் என்று டீச்சர் சொன்னார். உடனே பின் பெஞ்சில் இருந்து, "சும்மா கதை டீச்சர்" என்று ஒரு சத்தம். எல்லாரும் சிரித்தார்கள். கதை இல்லை, உண்மைதான். அது எப்படி முடிந்தது என்று படித்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

யார் அவர்?

அவர் பெயர் லிவ் ஆர்னசன். நார்வே நாட்டைச் சேர்ந்தவர். பள்ளிக்கூட ஆசிரியையாக வேலை பார்த்தவர். 1994 நவம்பர் 4-ஆம் தேதி அண்டார்டிகாவின் ஓரத்தில் உள்ள ஹெர்குலிஸ் இன்லெட் என்ற இடத்தில் கிளம்பினார். டிசம்பர் 24-ஆம் தேதி தென் துருவத்தை அடைந்தார். 50 நாள், சுமார் 1,200 கிலோமீட்டர். தனியாக, வழியில் யாருடைய உதவியும் வாங்காமல் தென் துருவம் போன முதல் பெண் இவர்தான். அப்போது அவருக்கு வயது 41.

உதவி வாங்காமல் என்றால் என்ன?

வழியில் விமானம் வந்து சாப்பாடு போடக்கூடாது. இழுக்க நாய் கிடையாது, வண்டி கிடையாது. கூடாரம், அடுப்பு, எரிபொருள், சாப்பாடு, மருந்து எல்லாவற்றையும் சக்கரம் இல்லாத ஒரு சறுக்கு வண்டியில் ஏற்றி, இடுப்பில் வார் கட்டி தானே இழுக்க வேண்டும். ஆர்னசன் இழுத்த பாரம் கிட்டத்தட்ட 100 கிலோ!

இப்போது ஒரு கணக்கு

1,200 கிலோமீட்டரை 50 நாளால் வகுத்தால் ஒரு நாளைக்கு 24 கிலோமீட்டர். ஒரு நாள் சாப்பாடு 1 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 50 நாளுக்கு 50 கிலோ. "பத்தாமல் போய்விட்டால் என்ன செய்வது?" என்று பயந்து இன்னும் 20 நாள் சாப்பாட்டை ஏற்றினால் 20 கிலோ கூடும். பாரம் கூடினால் நடை மெதுவாகும். நடை மெதுவானால் நாள் கூடும். நாள் கூடினால் இன்னும் சாப்பாடு வேண்டும்! ஆகவே கொஞ்சம் எடுத்தாலும் ஆபத்து, நிறைய எடுத்தாலும் ஆபத்து. கிளம்புவதற்கு முன்பே இந்தக் கணக்கைச் சரியாகப் போட வேண்டும்.

அதனால்தான் துருவப் பயணம் போகிறவர்கள் வெண்ணெய், கொட்டைப் பருப்புகள், சாக்லேட் என்று கொழுப்பு உள்ள உணவாக எடுத்துப் போகிறார்கள். 1 கிராம் மாவுச்சத்து 4 கிலோ கலோரி தரும். 1 கிராம் கொழுப்பு 9 கிலோ கலோரி தரும். எடை குறைவு, சக்தி அதிகம்.

பனியில் உள்ள அறிவியல்

1. காலில் நீளமான சறுக்குப் பலகை கட்டிக்கொள்வார்கள். அழுத்தம் = விசை ÷ பரப்பு என்று படித்தோம் அல்லவா? பலகையின் பரப்பு அதிகம். அதனால் அழுத்தம் குறைந்து கால் பனிக்குள் புதையாது. பின்னால் வழுக்காமல் இருக்க, பலகையின் அடியில் மயிர் உள்ள பட்டையை ஒட்டுவார்கள்.

2. பனி என்றால் வண்டி தானாக வழுக்கிப் போகும் என்றுதான் நானும் நினைத்தேன். தப்பு. குளிர் ரொம்ப அதிகமானால் பனித்தூள் மணல் மாதிரி ஆகி உராய்வு கூடும். ஆற்று மணலில் மூட்டை இழுப்பது போலத்தான்.

3. தென் துருவம் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 2,835 மீட்டர் உயரம். அதனால் பயணம் முழுக்க ஏற்றம். மேலே உள்ள கனமான குளிர்க்காற்று கீழ்நோக்கி இறங்கும். அது மேலே போகிறவரின் முகத்தில்தான் அடிக்கும்.

4. வேகமாக இழுத்தால் வியர்க்கும். நின்றதும் அந்த ஈரம் உடம்பைக் குளிர்ந்துபோகச் செய்யும். அதனால் வியர்க்காத அளவுக்கு நிதானமாகப் போக வேண்டும்.

5. சுற்றிலும் பனி இருந்தும் குடிக்கத் தண்ணீர் கிடையாது. அடுப்பைப் பற்றவைத்து உருக்கினால்தான் தண்ணீர். எரிபொருள் தீர்ந்தால் தாகம்தான்.

பனியில் ஆழமான பிளவுகளும் உண்டு. மேலே மெல்லிய பனி மூடி இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. கூட ஆள் இருந்தால் கயிறு கட்டி இழுப்பார்கள். தனியாகப் போகிறவருக்கு அந்தக் கயிறு இல்லை.

ஒரு சோகச் செய்தி

எல்லாரும் ஜெயித்துத் திரும்பவில்லை. இங்கிலாந்தைச் சேர்ந்த ஹென்றி வொர்ஸ்லி 2015 நவம்பரில் அண்டார்டிகாவைத் தனியாகக் கடக்கக் கிளம்பினார். 71 நாளில் 1,469 கிலோமீட்டர் போய்விட்டார். இன்னும் சுமார் 48 கிலோமீட்டர்தான் பாக்கி. அதற்கு மேல் முடியாமல் உதவி கேட்டார். விமானம் வந்து தூக்கிப் போனது. ஆனால் வயிற்றுக்குள் கிருமித்தொற்று முற்றிவிட்டது. 2016 ஜனவரி 24-இல் இறந்துபோனார். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. இன்னும் கொஞ்சம்தானே என்று அவர் மனசு எவ்வளவு சொல்லியிருக்கும்? இரண்டு நாள் முன்னாடியே கேட்டிருக்கலாமே என்று தோன்றியது. உதவி கேட்பது தோல்வி இல்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

கடைசியாக

ஆர்னசன் தன் பயணத்தைப் பற்றி 1995-இல் ஒரு புத்தகம் எழுதினார். அதன் பெயருக்கு, 'நல்ல பெண் பிள்ளைகள் தென் துருவத்துக்குப் போவதில்லை' என்று அர்த்தம். படித்ததும் சிரித்துவிட்டேன். நார்வேயிலும் இப்படித்தான் சொல்வார்களா! எங்கள் வீட்டிலும் "பொம்பளப் பிள்ளை, தனியாப் போகாதே" என்றுதான் சொல்கிறார்கள். அம்மாவிடம் இதைச் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தம்மா சொல்லாம கொள்ளாம போயிருக்க மாட்டாங்க. எல்லாம் கத்துக்கிட்டுத்தான் போயிருப்பாங்க" என்றார். அது சரிதான். ஆர்னசன் 1992-லேயே இன்னொரு பெண்ணோடு சேர்ந்து கிரீன்லாந்து பனியைக் கடந்து பழகியவர். 2022 ஜனவரி 3-இல் தனியாகத் தென் துருவம் அடைந்த பிரீத் சண்டி, இந்திய வம்சாவளிப் பெண். பிரிட்டிஷ் ராணுவத்தில் வேலை பார்த்தவர். அவர் கனமான டயர்களை இடுப்பில் கட்டி இழுத்துப் பழகினாராம்.

ஆகவே தோழிகளே, முதலில் கற்றுக்கொள்வோம். கணக்கைச் சரியாகப் போடுவோம். பிறகு வீட்டில் சொல்லிவிட்டே தைரியமாகப் போவோம். பின் பெஞ்சு நண்பர்களும் இதை ஒருமுறை படிக்கவும்!

யோசித்துப் பாருங்கள்: டிசம்பர் மாதம் தென் துருவத்தில் இரவு எத்தனை மணிக்கு வரும்? விடை அடுத்த இதழில்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி