சுவரொட்டி பேசட்டும்!



மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு தினம் என்பது நாம் அறிந்ததே. தேசியப் பாதுகாப்புக் குழுமம் 1966ஆம் ஆண்டு இதே நாளில் தொடங்கப்பட்டது. 1972 முதல் இந்த நாள் நாடெங்கும் கடைப்பிடிக்கப்படுகிறது. சுவரொட்டிப் போட்டி இல்லாமல் இந்த தினம் முடிவதில்லை. முதலாம் ஆண்டில் நானும் ஒரு சார்ட் வாங்கி உட்கார்ந்தேன். பெரிய மண்டை ஓடு, கருப்புப் புகை, கீழே "விபத்தைத் தவிர்ப்போம், உயிரைக் காப்போம்" என்று சிவப்பு எழுத்து. பிரமாதம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

காக்களூர் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் என் அப்பா, இரவு ஷிப்டு முடிந்து மணவாள நகர் வீட்டுக்கு வந்தவர், அதை நின்று பார்த்தார்.

"நல்லாத்தான்டா வரைஞ்சிருக்கே. ஆனா ராத்திரி கேஸ் லீக் ஆச்சுன்னா, இதைப் பாத்து நான் எந்தப் பக்கம் ஓடறது?"

என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதன் விளைவே இக்கட்டுரை.

போபால் சொல்லும் பாடம்

1984 டிசம்பர் 2ஆம் தேதி நள்ளிரவு. போபால் யூனியன் கார்பைடு ஆலையில் 610 என்ற எண்ணுள்ள தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. உள்ளே இருந்த மீத்தைல் ஐசோசயனேட் தண்ணீரோடு வினைபுரிந்து கொதித்தது. தொட்டியைக் குளிர்விக்கும் இயந்திரம் நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவைக் கழுவும் அமைப்பு சமாளிக்கவில்லை. எரித்து அழிக்கும் கோபுரமோ பழுதுபார்ப்புக்காகக் கழற்றிக் கிடந்தது. சுமார் 40 டன் நச்சு வாயு ஊருக்குள் பரவியது. அரசு உறுதிசெய்த மரணங்கள் மட்டும் 3,787. உண்மை எண்ணிக்கை இதைவிடப் பல மடங்கு என்பவர்கள் பலர்.

தோழர்களே, இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஊருக்கான சங்கு சற்று நேரம் ஒலித்து உடனே நிறுத்தப்பட்டது. என்ன வாயு, எப்படித் தப்புவது என்று மக்களுக்கு யாரும் முன்பே சொல்லி வைக்கவில்லை. அந்த வாயு காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாகப் பரவும். ஈரத்துணியால் முகத்தை மூடி, காற்றுக்குக் குறுக்காக விலகியிருந்தால் பலர் பிழைத்திருக்கலாம். இந்த ஒரு வரி போபால் சுவர்களில் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை!

போபால் தூரத்து ஊர்தானே என்று நினைக்க வேண்டாம். 2023 டிசம்பர் 26 இரவு நம் பக்கத்து எண்ணூரில், பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. குழந்தை குட்டிகளோடு மக்கள் இருட்டில் ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள்.

ஒரே வாயு, இரண்டு முகம்

சமாதானத்துக்கும் தொழிற்சாலைப் பாதுகாப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். குடிநீரைச் சுத்தம் செய்யும் குளோரினை எடுத்துக்கொள்வோம். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர நகர் அருகே ஜெர்மன் படை இதே குளோரினை ஆயுதமாகத் திறந்துவிட்டது. இரசாயன ஆயுதத் தடை உடன்படிக்கை நடைமுறைக்கு வந்ததோ 1997 ஏப்ரல் 29 அன்று. அந்தப் பக்கம் போர், இந்தப் பக்கம் அலட்சியம். மூச்சுத் திணறும் மனிதனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

பிள்ளைகள் கையில் பெரிய சக்தி இருக்கிறது. ஹிரோஷிமா குண்டின் கதிர்வீச்சால் இரத்தப் புற்றுநோய் வந்து 1955இல் 12 வயதில் இறந்த சிறுமி சடாகோ, மருத்துவமனையில் காகிதக் கொக்குகள் மடித்தாள். அவளுடைய வகுப்புத் தோழர்கள் தொடங்கிய இயக்கத்தால் 1958இல் குழந்தைகள் சமாதான நினைவுச் சின்னம் எழுந்தது. 1988 முதல் அரிமா சங்கங்கள் 11 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்குச் சமாதானச் சுவரொட்டிப் போட்டி நடத்துகின்றன. சிறுவர்கள் மனதைத் தொட வரைகிறார்கள். தொழில்நுட்பம் படிக்கும் நாம் அதோடு வழியும் காட்ட வேண்டாமா?

நல்ல சுவரொட்டிக்கு ஐந்து விதிகள்

1. ஒரு சுவரொட்டி, ஒரே செய்தி. பத்தும் சொன்னால் ஒன்றும் நிற்காது.

2. "ஜாக்கிரதை" என்பதோடு நிறுத்தாமல், என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல வேண்டும்.

3. நிறத்துக்கு மொழி உண்டு. சிவப்பு: செய்யாதே. மஞ்சள்: எச்சரிக்கை. நீலம்: கட்டாயம் செய். பச்சை: பாதுகாப்பான வழி. அழகுக்காக மாற்றக் கூடாது.

4. 10 அடி தூரத்திலிருந்து படிக்க எழுத்து 1 அங்குல உயரமாவது வேண்டும்.

5. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் நிறைய. தமிழ் தெரியாதவருக்கும் படம் புரிய வேண்டும்.

ஒரு கொசுறுச் செய்தி: டேங்கர் லாரியில் நாலு இலக்க எண் பார்த்திருப்பீர்கள். 1005 என்றால் அம்மோனியா, 1017 குளோரின், 1203 பெட்ரோல். லாரி கவிழ்ந்தால் தீயணைப்புக்கு 101இல் இந்த எண்ணைச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது.

இரண்டாவது படம்

மறு வருடம் மறுபடி வரைந்தேன். மண்டை ஓடு இல்லை. கம்பத்தில் பறக்கும் காற்றுத் துணிப்பை, ஈரத் துண்டால் மூக்கை மூடிய ஒரு தொழிலாளி, காற்றுக்குக் குறுக்காக ஒரு பச்சை அம்பு. ஈரத்துணி முழுப் பாதுகாப்பு ஆகாது. கரையும் வாயுவைக் கொஞ்சம் தடுத்து, தப்பிக்கச் சற்று நேரம் தரும், அவ்வளவே. கீழே இரண்டே வார்த்தை: "குறுக்கே போ!"

போட்டியில் பரிசு கிடைக்கவில்லை. ஆனால் அப்பா அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய், அனுமதி வாங்கி, டைம் ஆபீஸ் பக்கத்துச் சுவரில் ஒட்டினார். "இப்ப எந்தப் பக்கம்னு தெரியுதுடா" என்றார்.

தோழர்களே, நாளை நாமும் அந்தச் சுவர்களுக்கு நடுவே வேலைக்குப் போகப் போகிறவர்கள். வரும் மார்ச் 4க்கு வரையும்போது, முதலில் வீட்டில் ஷிப்டுக்குப் போகிறவரிடம் காட்டுங்கள். அவர் கேட்கும் கேள்விக்குப் படம் பதில் சொன்னால், அதுவே முதல் பரிசு!