471 என்றால் பன்றிக் கொழுப்பா?

பிஸ்கட், பிரெட், ஐஸ்கிரீம் உறையில் இ471 என்று இருந்தால் உள்ளே பன்றிக் கொழுப்பு இருக்கிறது, அது ஹராம் என்று சொல்லும் பட்டியல் ஒன்று வாட்ஸ்அப்பில் ஓயாமல் சுற்றுகிறது. எண்ணெயும் தண்ணீரும் பிரிந்துவிடாமல் பிடித்துவைக்கும் மோனோ, டை கிளிசரைடுகளுக்கு உரிய எண் அது. எண்ணெயையோ கொழுப்பையோ கிளிசராலுடன் 200 டிகிரிக்கு மேல் சூடாக்கி இதைத் தயாரிக்கிறார்கள். பாமாயிலிலும் சோயா எண்ணெயிலும் செய்யலாம். மாட்டுக் கொழுப்பிலும் பன்றிக் கொழுப்பிலும் செய்யலாம். எதில் செய்தாலும் எண் ஒன்றுதான்.

“ரசாயனமாக மாறிவிட்ட பிறகு மூலத்தை எதற்குத் தோண்ட வேண்டும்?” என்று கேட்பவர்களும் உண்டு. ஒரு பொருள் முற்றிலும் வேறொன்றாகிவிட்டால் அதன் சட்டமும் மாறும் என்ற இஸ்திஹாலா விதியை, இஸ்லாமியச் சட்ட மரபுகளில் ஒன்றான ஹனஃபி மத்ஹபு விரிவாகவே ஏற்கிறது. ஷாஃபிஈ மத்ஹபு, தானாக வினிகராகும் மது, பதனிட்ட தோல் போன்ற சிலவற்றோடு நிறுத்திக்கொள்கிறது. தமிழக முஸ்லிம்களில் இரு மத்ஹபினரும் இருக்கிறார்கள். ஹனஃபி அளவுகோலிலும் இந்த வாதம் நிற்காது என்றே நினைக்கிறேன். உப்புச் சுரங்கத்தில் விழுந்து உப்பாகவே ஆகிவிட்ட பிராணிதான் அவர்கள் தரும் உதாரணம். 471இல் பழைய கொழுப்பு அமிலங்கள் அப்படியே இருக்கின்றன. ஒரு கிளிசராலோடு மூன்றாக ஒட்டியிருந்தவை இரண்டாகவோ ஒன்றாகவோ குறைகின்றன, அவ்வளவே. ஆகவே மூலத்தைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். பன்றி இல்லை என்பதும் போதாது. முறைப்படி அறுக்கப்படாத மாட்டின் கொழுப்பும் ஆகாது.

இந்தியாவில் அதற்கான விடை அதே உறையில் இருக்கிறது. பால், பால் பொருட்கள், தேன் போன்ற சில நீங்கலாக, விலங்கிலிருந்து வந்த எது சேர்ந்தாலும் பழுப்பு நிற அசைவக் குறி போட வேண்டும் என்பது சட்டம். சேர்க்கைப் பொருளுக்கும் அது பொருந்தும். சைவத்துக்கான பச்சைக் குறி உள்ள பாக்கெட்டில் 471 என்று இருந்தால் பன்றிக் கொழுப்புக்கோ மாட்டுக் கொழுப்புக்கோ அதில் இடமில்லை. பச்சைக் குறியில் ஏமாற்று நடக்காதா என்றால், ஹலால் முத்திரையிலும் நடக்கலாம். வெறும் சந்தேகம் உறுதியை நீக்காது என்பது இஸ்லாமியச் சட்டவியலான ஃபிக்ஹின் அடிப்படை விதி. பேணுதலுக்காக ஒருவர் தவிர்த்துக்கொள்ளலாம். ஊருக்கே ஹராம் என்று அறிவிக்க ஆதாரம் வேண்டும். மது கலந்த வாசனைப் பொருள் பற்றி மட்டும் பச்சைக் குறி எதுவும் சொல்லாது.

வெளிநாட்டு சாக்லேட்டில் பச்சைக் குறியும் ஹலால் முத்திரையும் இல்லை, தாவர மூலம் என்ற குறிப்பும் இல்லை என்றால், தயாரிப்பாளரிடம் எழுதிக் கேளுங்கள். பதில் வரும்வரை வாங்காமல் இருங்கள். அந்தப் பட்டியலையும் யாருக்கும் அனுப்பாதீர்கள்.