கசங்குமா, விரியுமா?

பனிக்கட்டி நீராவது நிலைமாற்றம் என்று படித்திருக்கிறோம். மெல்லிய மீள்சவ்வுக்கும் அப்படி ஒன்று உண்டா? குளிரில் விரிந்து கிடப்பது, சூடேறினால் காகிதம்போல் கசங்கிவிடுமா? ரத்தச் சிவப்பணுவின் உட்பக்கம் ஸ்பெக்ட்ரின் என்னும் புரத வலை இருப்பதால், இது வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல.

கணிப்பொறிக்குள் ஒரு மீன்வலையை நினைத்துக்கொள்ளுங்கள். வலை வளைந்தால் ஆற்றல் கூடும். ஒரு முடிச்சைச் சற்றே நகர்த்த வேண்டும். ஆற்றல் குறைந்தால் ஏற்கலாம். கூடினால் பகடை போட்டு முடிவு செய்யலாம். சூடு அதிகமானால் ஏற்கும் வாய்ப்பும் அதிகம். இதையே லட்சக்கணக்கான தடவை செய்து, வலையின் சராசரி அளவைக் கணக்கிட வேண்டும். 1953-ல் மெட்ரோபோலிஸ் குழுவினர் தந்த மான்டி கார்லோ முறை இதுதான்.

1987-ல் காண்டோரும் நெல்சனும் இப்படிப் பார்த்தபோது, வலை கசங்கும் நிலைமாற்றம் தெரிந்தது. ஆனால் அந்த வலை தன்னைத்தானே ஊடுருவிப் போகலாம். நிஜச் சவ்வு அப்படிப் போகுமா? 'ஊடுருவக் கூடாது' என்ற விதியைச் சேர்த்து 1988-ல் வேறு ஆய்வாளர்கள் ஓடவிட்டார்கள். நிலைமாற்றத்தையே காணோம்! வலை விரிந்தே கிடந்தது. முடிச்சுகள் ஒன்றுக்கொன்று இடம் விட்டாக வேண்டும் என்பதே வலைக்கு விறைப்பைத் தந்துவிடுகிறது.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். "கம்ப்யூட்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்பார் அம்மா. இரண்டு தடவையும் கம்ப்யூட்டர் கணக்கைச் சரியாகத்தான் போட்டது; மாறியது நாம் கொடுத்த விதி. நாளை பாலத்துக்கும் பாய்லருக்கும் கணக்குப் போடப் போகிறவர்கள் நாம். விடையை நம்புமுன் விதியைக் கேட்போம்!