பக்கத்து ஆளின் எடை உங்களுக்கு எதற்கு?

குடியாத்தத்தில் புதிதாக ஜிம்முக்குப் போகிறவரா? பக்கத்தில் தூக்குபவரைப் பார்த்து எடை கூட்டினால், தோள் பிடித்துக்கொள்ளும். மூன்றாம் வாரமே நின்றுவிடுவீர்கள்.

1. தேதி, எடை, எண்ணிக்கையை நோட்டில் எழுதுங்கள். போன மாதத்தைவிட ஒருமுறை கூடுதலாகத் தூக்கினாலும் வெற்றிதான்.

2. எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். தசைநாண்கள் தசையைவிட மெதுவாகவே பலப்படும்.

3. காயத்துக்குப் பின் பழைய எடையைத் துரத்தாதீர்கள். வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். தொடைக் காயத்திலிருந்து மீண்டு 2018 கோல்டு கோஸ்டில் தூக்கியது 317 கிலோ. 11 கிலோ குறைவு, அப்போதும் தங்கம்!

4. பளுதூக்கும் போட்டிக்குப் போனால், முதல் முயற்சிக்கு பயிற்சியில் தவறாமல் தூக்கும் எடையையே கேளுங்கள். மூன்று முயற்சியும் தவறினால் மொத்தக் கணக்கே கிடையாது.